வறட்சிக்கால நீர்த் திட்டத்துக்கு அரச மானியம் கேட்பது எப்படி: மலையக உள்ளூராட்சி சபைகளுக்கான வழிகாட்டி

மலையகத்தின் மேற்குச் சரிவில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஜனவரியில் தலைகாட்டி மார்ச்சில் உச்சத்தை அடைகிறது. அரசின் நிதியாண்டும் ஜனவரியிலேயே தொடங்குவதால், பீலியில், அதாவது ஊற்றுநீர் வந்து விழும் குழாயில், தண்ணீர் நூலாக இழையும் வேளையில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடுகள் யாவும் ஏற்கெனவே பங்கிடப்பட்டு முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவுகள் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில்தான் கோரப்படுகின்றன. அப்போது ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், வறட்சி பற்றிய கோப்பை அவசரமாகப் புரட்டிப் பார்க்க எவருக்கும் மனம் வராது. ஆகவே மார்ச்சில் அளந்ததை ஜூலையில் எழுதிக் கொடுப்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. 2025 மே மாதத் தேர்தலின் பின் நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பொறுப்பேற்ற தவிசாளர்கள், உறுப்பினர்கள், அவர்களுக்குத் துணைநிற்கும் செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

ஊவாப் பக்கத்தின் நாட்காட்டி வேறு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசுகிறது. முன்மொழிவு கேட்கப்படும் காலமும் தட்டுப்பாட்டுக் காலமும் அங்கே ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால் அச்சபைகளுக்கு இது ஒரு வசதி. ஆனால் பண்டாரவளையைச் சுற்றியுள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஆற்றுநீரைத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தினுள் 2014 இன் இறுதியில் நிலத்தடி நீர் பாயத் தொடங்கியதன் பின்னர் அங்கே பல கிணறுகள் வற்றின. அந்தப் பாதிப்பையும் மழைக்குறைவினால் ஏற்படும் பாதிப்பையும் ஒரே பந்தியில் கலந்து எழுதினால், இது எங்கள் பொறுப்பன்று என்று கோப்பைத் திருப்பி அனுப்ப உமா ஓயாத் திட்டத் தரப்புக்கும் வறட்சி நிதி தரும் தரப்புக்கும் காரணம் கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம் வையுங்கள்.

எந்தப் பணம், எந்தக் கதவு

வறட்சியின் பெயரால் வரும் பணம் இரு வகைப்படும். முதலாவது நிவாரணம்: பவுசர் எனப்படும் தாங்கி லொறி மூலம் தண்ணீர் பகிர்வது, பிளாஸ்டிக் தாங்கிகள் வைப்பது போன்றவற்றுக்கான செலவு பிரதேச செயலகத்தின் ஊடாகவும் அனர்த்த நிவாரண ஒழுங்குகளின் ஊடாகவும் வருகிறது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவுக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை சென்றால்தான் இது அசையும். இரண்டாவது, நீர் எடுக்கும் இடத்தையும் தாங்கியையும் குழாய்ப்பாதையையும் நிரந்தரமாக அமைப்பதற்கான அபிவிருத்தி நிதி. பவுசர் கேட்டு எழுதிய கடிதத்தின் கடைசிப் பந்தியில் புதிய திட்டமொன்றையும் சேர்த்துக் கேட்பது நமது சபைகளில் வழக்கமாகிவிட்டது; அந்தக் கடைசிப் பந்திக்குப் பதில் வந்ததாகக் கேள்விப்படுவது மிக அரிது.

அபிவிருத்தி நிதிக்குச் சில வாசல்கள் உள்ளன. அரசியலமைப்பின் கீழ் அமைந்த நிதி ஆணைக்குழுவின் விதந்துரைப்பின்படி மாகாணங்களுக்கு வழங்கப்படும் மாகாண அபிவிருத்தி மானியங்களில் ஒரு பகுதி, பிரதம செயலாளர் அலுவலகத்தினதும் உள்ளூராட்சித் திணைக்களத்தினதும் ஊடாகச் சபைகளை வந்தடைகிறது. பெரிய நகரத் திட்டமாயின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், சில நூறு குடும்பங்களுக்கான சிறு திட்டமாயின் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களமும் உரிய இடங்கள். பின்னையதை அணுகும்போது பயனாளிகள் சங்கமொன்று பதிவுசெய்யப்பட்டிருப்பது பெரும் பலம். 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தில் கடனும் பெறலாம், ஆனால் வருமானம் குறைந்த சபைகள் அதனைக் கடைசியாக நாடுவதே நல்லது. பாராளுமன்ற உறுப்பினர்கள் தம் பகுதி வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு தாங்கியோ சில நூறு மீற்றர் குழாயோ கிடைக்கக்கூடும், முழுத் திட்டம் கிடைக்காது. தேர்தல் நெருங்கும்போது பகிரப்படும் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் எத்தனை லயங்களின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) பின்புறத்தில் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மார்ச்சில் அளக்க வேண்டியவை

“மக்கள் தண்ணீரின்றித் தவிக்கின்றனர்” என்ற வாக்கியம் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. எண்கள் சிலவற்றில் மட்டுமே இருக்கின்றன. எண்ணைப் பெறுவது கடினமன்று. பீலியின் கீழே 20 லீற்றர் வாளியொன்றை வைத்து அது நிரம்பும் நேரத்தைக் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தில் பாருங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். 40 விநாடி எடுத்தால் வரத்து விநாடிக்கு அரை லீற்றர், அதாவது நாளொன்றுக்கு 43,200 லீற்றர். ஆளுக்கு 100 லீற்றர் என்று கணக்கிட்டால், குழாயில் ஒரு சொட்டும் சிந்தாத பட்சத்தில் இது 432 பேருக்குப் போதும். அந்தப் பீலியை நம்பி 900 பேர் வாழ்கிறார்கள் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டால், பற்றாக்குறை பாதிக்கும் மேல் என்பது விளங்க வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஜனவரி தொடக்கம் ஏப்ரல் வரை வாரம் ஒரு தடவை, அதே இடத்தில், அதே காலை நேரத்தில் அளந்து, திகதியுடன் ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையொப்பம் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். நான்கு மாதத்தையும் ஒரே பேனாவால் ஒரே நாளில் எழுதிய பதிவேட்டைக் கணக்காய்வாளர் கண்டவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

வாளியில் அடங்காத ஓடையாயின், தகட்டில் 90 பாகை வெட்டிய முக்கோண வாயொன்றைக் குறுக்கே பொருத்தி, வாயின் அடியிலிருந்து நீர் நிற்கும் உயரத்தை அளக்க வேண்டும். உயரம் 10 சென்ரிமீற்றராக இருந்தால் வரத்து விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லீற்றர். உயரத்தைத் தகட்டின் மேலேயே அளக்காமல், சற்றுப் பின்னால், தண்ணீர் சாயத் தொடங்குவதற்கு முன் உள்ள இடத்தில் அளந்தால்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும்.

அடுத்த அளவீட்டைப் பல சபைகள் தவிர்க்கின்றன, ஏனெனில் அது சபையின் குறையையே காட்டுகிறது. இரவு இரண்டு மணிக்குப் பின், மக்கள் தண்ணீர் பாவிக்காத நேரத்தில், தாங்கிக்குள் வரும் குழாயை மூடிவிட்டு நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்ட தாங்கியில் ஒரு மணித்தியாலத்தில் 6 சென்ரிமீற்றர் இறங்கினால், 1,200 லீற்றர் எங்கோ ஒழுகிப் போகிறது. நாள் முழுவதற்கும் அதே அளவில் வைத்தால் ஏறத்தாழ 28,800 லீற்றர். மேலே சொன்ன பீலியின் வரத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. இதை மறைத்துப் புதிய ஊற்றுக்குப் பணம் கேட்பதைவிட, இதையே முன்வைத்துப் பழைய குழாய்களை மாற்றப் பணம் கேட்பது கௌரவமானது, பெரும்பாலும் மலிவானதும்கூட. பரிசீலிக்கும் பொறியியலாளர் முதலில் கேட்கப்போவதும் இந்தக் கேள்வியைத்தான்.

மழைவீழ்ச்சித் தரவுகளை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கேட்டுப் பெறலாம். பெரும்பாலான தேயிலைத் தோட்டங்களின் அலுவலகங்களிலும் தினசரி மழை அளவு பல ஆண்டுகளாகப் பதியப்படுகிறது, உங்கள் ஊற்றுக்கு மிக அருகில் பெய்த மழையை அந்தப் பேரேடே சொல்லும். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வற்றும்போது நீருக்குள்ளிருந்து பழைய கோயில் வெளிவருவதைப் படம்பிடித்து விண்ணப்பத்தில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். படம் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நீர் மின்னுற்பத்திக்கானது, அதன் மட்டம் உங்கள் மேட்டு ஊற்றின் நிலையைக் காட்டாது. நீரின் தரத்தையும் வறட்சியிலேயே பரிசோதியுங்கள்: வரத்துக் குறையும்போது மாசு செறிவடைகிறது. பொதுச் சுகாதார பரிசோதகரின் முன்னிலையில் மாதிரி எடுத்து, குடிநீருக்கான இலங்கைத் தர நிர்ணயம் 614 உடன் ஒப்பிட்ட அறிக்கையை இணைக்க வேண்டும். மேற்பகுதியில் லயங்களும் உரமிட்ட தேயிலையும் இருந்தால் கிருமிகளோடு நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிலம் யாருடையது

மலையகத்தில் நீர்த் திட்டங்கள் தொழில்நுட்பத்தால் தோற்பதைவிட நிலத்தால் தோற்பதே அதிகம். நகரம் சபையின் எல்லைக்குள் இருக்கும், ஊற்றோ தோட்டத்தின் மேல் மலையில் இருக்கும். அந்த நிலத்தின் உரிமை அரசிடம், குத்தகை பெருந்தோட்டக் கம்பனியிடம். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட காலத்திலிருந்து இந்த இரட்டைநிலை தொடர்கிறது. தோட்ட முகாமையாளர் வாய்மொழியாகத் தலையாட்டினால் போதாது; அவர் மாற்றலாகிப் போனதும் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்திலான சம்மதமும், நீர் எடுக்கும் இடம், தாங்கி, குழாய்ப்பாதை ஆகியவற்றைக் காட்டும் வரைபடமும் கோப்பில் இருக்க வேண்டும். கீழே உள்ள லயங்களுக்கும் அதே ஊற்றுத்தான் என்றால், அவர்களின் பங்கு எவ்வளவு என்பதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

பிரதேச சபைகளுக்கு இன்னொன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நீண்டகாலம் எடுத்துக்காட்டப்பட்டது. அது 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. இன்றும் சில அலுவலகங்களில் பழைய காரணம் கூறப்படுவதால், திருத்தச் சட்டத்தின் பிரதியொன்றை விண்ணப்பத்துடனேயே இணைத்துவிடுங்கள்.

பொது நீரோடையிலிருந்து நீரைத் திருப்புவதற்கு அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவைப்படலாம் என்பதால் பிரதேச செயலாளரிடம் முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. ஊற்று காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத் திணைக்களமும் உண்டு. சரிவில் தாங்கி கட்டுவதாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய விதந்துரை இன்றியமையாதது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகம் கண்ட சரிவுகளுக்குப் பின் இந்தக் கடிதம் இல்லாத கோப்பு மேசையைத் தாண்டாது.

மதிப்பீட்டில் மறக்கப்படுபவை

மலைநாட்டின் நல்வாய்ப்பு, தண்ணீர் தானாகவே கீழே வருவது. அதன் மறுபக்கம் அழுத்தம்: ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்த அலகு) சேர்வதால், 100 மீற்றர் இறங்கும் குழாய், பாவனை நின்றிருக்கும் இரவில் 10 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அழுத்தம் தணிக்கும் தொட்டிகள் மதிப்பீட்டில் இல்லையென்றால் கீழ்ப்பகுதி மூட்டுகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். சீமெந்தையும் மணலையும் பாதையிலிருந்து வேலைத்தளம் வரை தலைச்சுமையாக ஏற்றும் கூலியும் அவ்வாறே விடுபடுகிறது. நகரத்துக்கான விலைப்பட்டியலில் அது அடங்குவதில்லை, ஒப்பந்தகாரர் வேலையை நடுவில் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பம்பி வைத்து மேலேற்றும் திட்டமாயின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ஒரு கன மீற்றரை 100 மீற்றர் உயர்த்த, பம்பியின் வினைத்திறனையும் சேர்த்து, ஏறத்தாழ அரை அலகு மின்சாரம் செல்லும். நாளுக்கு 40 கன மீற்றர் என்றால் மாதத்துக்கு 600 அலகு. மானியம் கட்டுமானத்துக்கு மட்டுமே, மாதாந்தக் கட்டணத்துக்கு அல்ல. நீர்க்கட்டணத் திருத்தத்துக்கான சபைத் தீர்மானத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கோப்பு மேலே செல்லும் பாதை

சபையின் தீர்மானம், உதவி உள்ளூராட்சி ஆணையாளரின் விதந்துரை, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அங்கீகாரம், பின் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்பது வழக்கமான ஒழுங்கு. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இலும் ஊவா மாகாண சபையினது 2019 இலும் முடிவடைந்த பின் ஆளுநரும் பிரதம செயலாளருமே மாகாண முன்னுரிமைகளைத் தீர்மானித்து வந்துள்ளனர். ஆகவே பிரதம செயலாளர் அலுவலகத்தின் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு பிரதியை நேரடியாகக் கையளிப்பது பயன்தரும். கோப்பு தமிழில் தயாரானாலும், இரண்டு பக்கச் சுருக்கமொன்றைச் சிங்களத்திலும் வையுங்கள். தமிழில் எழுத உரிமை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கண்டியிலும் பதுளையிலும் அதைப் படிக்கும் மேசையில் மொழிபெயர்ப்பாளருக்காகக் கோப்பு காத்துக்கிடப்பதும் உண்மைதான்.

ஒதுக்கீடு கிடைத்ததும் காலம் எதிரியாகிவிடுகிறது. செலவிடப்படாத பணம் டிசெம்பர் 31 உடன் கைநழுவும். ஜனவரியில் கடிதம் வந்து, விலைமனுக் கோரி, மதிப்பீட்டுக் குழு கூடி முடிப்பதற்குள் மே மாத மழை வந்துவிட்டால், மேற்குச் சரிவில் கிடங்கு வெட்டும் வேலை நாட்கணக்கில் நின்றுவிடும். விலைமனு ஆவணங்களை ஒதுக்கீட்டுக்கு முன்னரே தயார்செய்து வைத்திருக்கும் சபைக்கு இரண்டு மாதம் மிச்சமாகும். வேலை சரியென்று உறுதியாகும்வரை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைக்கும் பணத்தின் காலத்தையும் நாட்காட்டியைப் பார்த்தே நிர்ணயியுங்கள்: மழைக்காலத்தில் கையளிக்கப்படும் எந்தக் குழாயிலும் தண்ணீர் நிறைந்தே வரும் என்பதால், அடுத்த மார்ச்சில் தாங்கியின் வாயில் வாளி வைத்து அளந்து, அந்த அளவைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே கடைசித் தவணையை விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.