கால்வாயில் குழுவாகத் தூண்டில் போட்டி: பிரிவில் கடைசியாக வராமல் இருப்பது எப்படி

கால்வாயில் நடக்கும் குழுப் போட்டிக்கு முதல் தடவையாக உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், சாமான்களை எடுத்து வைக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஆறு பேர், ஆக 48 பேர். கரையை ஏ முதல் எஃப் வரை ஆறு பிரிவாக வெட்டியிருப்பார்கள், ஒவ்வொரு பிரிவிலும் குழுவுக்கு ஒருவர் உட்காருவார். பிரிவில் அதிக எடை பிடித்தவருக்கு 8 புள்ளி, அடுத்தவருக்கு 7, இப்படியே இறங்கி எட்டாவது ஆளுக்கு 1. மீனே இல்லாதவருக்குப் பெரும்பாலும் பூஜ்யம். இப்போது ஒரு குழுவில் மூன்று பேர் தங்கள் பிரிவை ஜெயித்து, மற்ற மூன்று பேர் கடைசியாக வந்தால் மொத்தம் 27. இன்னொரு குழுவில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை, ஆறு பேரும் மூன்றாவது இடம், அவர்களுக்கு 36. ஒன்பது புள்ளி அதிகம்!

குழுப் போட்டியின் சூட்சுமம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. தனிப் போட்டியில் பெரிய மீனுக்காக ஐந்து மணி நேரமும் காத்திருந்து வெறும் வலையோடு திரும்பினால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். இங்கே உங்கள் வெறும் வலை மற்ற ஐந்து பேரின் உழைப்பையும் தின்றுவிடும். விரல் நீளக் கட்ஜன் மீன் ஒன்று, பதினைந்து இருபது கிராம் இருக்கும், அது உங்களை எட்டாவது இடத்திலிருந்து ஆறாவதுக்குத் தூக்கலாம். அதனால் முதல் மீன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மரியாதையாக எடுத்து வலையில் போடுங்கள். சில போட்டிகளில் கணக்கு தலைகீழாக இருக்கும், முதலிடத்துக்கு 1 புள்ளி, குறைந்த மொத்தம் வைத்திருக்கும் குழு ஜெயிக்கும். எந்த முறையானாலும் விஷயம் ஒன்றுதான்.

நான் பழகியது இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில். லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை 137 மைல் ஓடுகிறது, அதன் லண்டன் பக்கத்துப் பெரும்பகுதி 1805-லேயே முழுதாகத் திறக்கப்பட்டுவிட்டது. சரக்குப் படகுக்காக வெட்டியது என்பதைத் தூண்டில்காரர் மறக்கக் கூடாது, ஏனென்றால் மீன் எங்கே நிற்கும் என்பதை அந்தப் படகுகள்தான் தீர்மானிக்கின்றன. நடுவில் படகு ஓடும் தடம் நாலைந்து அடி ஆழம். இரண்டு கரை ஓரத்திலும் ஓரிரண்டு அடி ஆழத்தில் ஒரு திட்டு, திட்டிலிருந்து தடத்துக்கு இறங்கும் சரிவு. எதிர்க்கரையில் புதர் தொங்கும், நம் பக்கத்தில் நடைபாதை. மேலிருந்து பார்த்தால் ஒரே பழுப்புத் தண்ணீர்தான், ஆனால் அடியில் இப்படி ஐந்து வேறு இடங்கள் இருக்கின்றன.

இந்தப் போட்டிகளில் நடப்பது கோர்ஸ் ஃபிஷிங், அதாவது சால்மன், ட்ரவுட் வகைகளை விட்டு மற்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பது: ரோச், பிரீம், பெர்ச், கட்ஜன். பிடித்ததை உயிரோடு வலைப்பையில் வைத்து, எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம். கொண்டுபோய்க் குழம்பு வைக்கும் எண்ணம் இருந்தால் இந்த விளையாட்டு உங்களுக்கு இல்லை.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய யாரும் தூண்டில் உரிமம் இல்லாமல் முள்ளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. 13 முதல் 16 வரை இலவசம், ஆனால் எடுத்தே ஆக வேண்டும். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்பிடிக்குத் தடை, பெரும்பாலான கால்வாய்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஊரில் வாங்கிய ஈயக்குண்டு டப்பாவை எடுத்து வராதீர்கள். அன்னப் பறவைகள் ஈயத்தை விழுங்கிச் செத்ததால், மிகப் பொடியான குண்டையும் ஒரு அவுன்ஸுக்கு மேற்பட்டதையும் தவிர ஈய எடைகளின் விற்பனையை 1987-இல் நிறுத்திவிட்டார்கள். ஈயமில்லாத குண்டு எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கும்.

சரி, சாமான். கால்வாய்ப் போட்டியில் ரீல் வேலை ரொம்பக் குறைவு, எல்லாமே போல்தான். கார்பன் துண்டுகளை ஒன்றோடொன்று சொருகி 11 மீட்டரோ, 14 மீட்டரோ நீட்டும் கழி அது. நுனித் துண்டுகளுக்குள் எலாஸ்டிக் ஓடும், மீன் இழுத்தால் அது நீண்டு கொடுக்கும். ரோச்சுக்கு 3 முதல் 5 எண் வரையிலான மெல்லிய எலாஸ்டிக் போதும். தக்கையும் நரம்பும் குண்டும் முள்ளும் சேர்த்துக் கட்டிய ரிக்குகளை வீட்டிலேயே கட்டி எடுத்துப் போங்கள்: எதிர்க்கரைத் திட்டுக்கு 0.1 அல்லது 0.2 கிராம் தாங்கும் குட்டித் தக்கை, தடத்துக்கு 0.4, தண்ணீர் ஓட ஆரம்பித்தால் 0.6 அல்லது அதற்கு மேல். முள் 20, 22 எண், குளிர் கடுமையாக இருந்தால் 24 (எண் கூடக் கூட முள் சின்னது). முள்ளை ஒட்டிய தங்கூஸ் 0.08 அல்லது 0.09 மில்லிமீட்டர். நம் ஊர் வாய்க்காலில் கெளுத்திக்குத் தூண்டில் போட்ட கைக்கு இது தலைமுடி மாதிரி தெரியும், ஆனால் பழகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் போலை நீட்டினால் உயிர் போய்விடும், தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டப் போனாலே பாயும். கம்பியிலிருந்து 30 மீட்டராவது தள்ளித்தான் உட்கார வேண்டும். உங்கள் பெக், அதாவது எண் போட்ட இடம், அப்படிக் கம்பிக்கு அருகில் விழுந்தால் உட்காராமல் அமைப்பாளரைக் கூப்பிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

இரையில் நான் முதலில் நம்புவது ரொட்டி. மலிவான வெள்ளை ஸ்லைஸ் ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சல்லடையில் தேய்த்தால் ரவை மாதிரி உதிரும். இது தூவும் இரை. முள்ளுக்கு வேறொரு ஸ்லைஸ், அதிலிருந்து 4 அல்லது 5 மில்லிமீட்டர் வட்டமாகப் பஞ்ச் கொண்டு குத்தி எடுப்பது. தண்ணீரில் இறங்கியதும் அது உப்பிப் பஞ்சாகிவிடும், ரோச் அதை உறிஞ்சி இழுக்கும். ரொட்டி போக மேகட் என்கிற ஈப்புழு, அதன் சின்னத் தம்பி பிங்கி, புழு கூடாக மாறிய கேஸ்டர், மண்புழு இவையும் பையில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் ப்ளட்வோர்ம் என்கிற சிவப்புக் கொசுப்புழு அனுமதி உண்டா என்று விதியைப் படித்துப் பாருங்கள். அனுமதி இருந்து, பக்கத்து ஆள் கொண்டு வந்து, நீங்கள் கொண்டு வராவிட்டால் அன்றைக்குக் கஷ்டம்தான்.

போட்டிக்கு முந்தைய வாரம் குழுவாகப் போய்ப் பயிற்சி எடுங்கள். அதிலும் ஆறு பேரும் ஒரே மாதிரி பிடித்துப் பார்க்காதீர்கள். ஒருவர் ரொட்டியோடே இருக்கட்டும், ஒருவர் முதலிலிருந்து கேஸ்டர், ஒருவர் நறுக்கிய மண்புழு. இரண்டு மணி நேரம் கழித்து நடந்து போய் ஒவ்வொருவர் வலையையும் பாருங்கள். எங்கள் தலைவர் இதில் ரொம்பக் கண்டிப்பு. நன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பவரையே நிறுத்தி, அடுத்த இரையைப் போடச் சொல்லுவார். அப்போது எரிச்சல் வரும், போட்டி நாளில்தான் அதன் அருமை புரியும்.

போட்டி நாள் காலையில் தலைவர் சீட்டு எடுத்து யாருக்கு எந்தப் பெக் என்று சொல்லுவார். போய் உட்கார்ந்ததும் முதல் வேலை ஆழம் பார்ப்பது. ஆழம் பார்க்கும் குண்டை முள்ளில் மாட்டி, முன் சரிவு, தடம், எதிர்ச் சரிவு, எதிர்த் திட்டு என்று ஒவ்வொரு இடமாக இறக்குங்கள். எங்கே இரண்டடி, எங்கே நாலடி என்று பார்த்து, போலில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு இருபது நிமிடம் செலவழித்தாலும் தகும். சரிவு எங்கே முடிந்து தடம் எங்கே தொடங்குகிறதோ, அந்த ஒரு முழ அகலத்தில்தான் இரை தங்கும், மீனும் அங்கேதான் வரும்.

விசில் ஊதியதும் கோழி முட்டை அளவு ரொட்டித் தூளை லேசாகப் பிடித்து, போல் நுனியில் கப் மாட்டித் தடத்தில் இறக்குங்கள். எறியாதீர்கள், சிதறிவிடும். அதே நேரத்தில் எதிர்க்கரையில் ஆறேழு கேஸ்டரைக் கவணில் வைத்து விடுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துகொண்டே இருங்கள், ஆனால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அது பின்னால் எடுக்கப் போகிற சேமிப்பு. முதல் முக்கால் மணி நேரம் ரொட்டியில் சின்ன ரோச்சாக வரும். எவ்வளவு வேகமாக எடுக்க முடியுமோ எடுங்கள். கடி நின்றதும் உடனே இன்னொரு உருண்டை போடத் தோன்றும். பொறுங்கள், முதலில் ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம் தக்கையை நகர்த்திப் பாருங்கள், ஆழத்தை ஒரு அங்குலம் கூட்டிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் மட்டும் கொஞ்சம் இரை.

அப்புறம் பிங்கிக்கு மாறலாம். மூன்றாவது மணியில் எதிர்க்கரைக் கேஸ்டர் பக்கம் ஒரு பத்து நிமிடம் போய்ப் பாருங்கள், அங்கே வரும் ரோச் சின்னதுகளைப் போல நாலு மடங்கு எடை இருக்கலாம். கடி இல்லையா, பிடிவாதம் பிடிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். கடைசி இரண்டு மணி நேரம் முன் சரிவில் நறுக்கிய மண்புழு. பெர்ச் வந்தால் இரண்டு மீனிலேயே பிரிவின் வரிசை மாறிவிடும்.

படகு வரும்போது பதறாதீர்கள். நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகின் அகலம் ஏழடிக்குள்தான், ஆனால் நீளம் 70 அடி வரை போகும், நடுத்தடம் முழுக்க அதற்குத்தான். போலை முன்கூட்டியே பின்னால் இழுத்துவிட்டு, படகு போனதும் தண்ணீர் அடங்கும்வரை காத்திருங்கள். உங்கள் இரை கலைந்திருக்கும், பாதி அளவில் ஒரு உருண்டையைத் திரும்ப வையுங்கள். அடிமண் கிளறினதில் மீன் இன்னும் சுறுசுறுப்பாகத் தின்பதும் உண்டு. தூரத்தில் படகை ஏற்றி இறக்கும் லாக் மதகைத் திறந்தால் தேங்கி நின்ற தண்ணீர் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். அப்போது கனமான ரிக்கை எடுத்து, ஆழத்தை மூன்று நாலு அங்குலம் கூட்டி, இரை தரையில் படும்படி தக்கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

போலைப் பின்னால் தள்ளும்போது அது நடைபாதையின் குறுக்கே போகும், அந்தப் பாதையில் சைக்கிள் வரும், குழந்தை ஓடிவரும், நாய் வரும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தள்ள வேண்டும். மீன் மாட்டியிருந்தாலும் ஆளுக்குத்தான் முதலில் வழி.

ஒரு ஜனவரிப் போட்டி எனக்கு மறக்காது. கரையோரம் கண்ணாடி மாதிரி பனி. நாலு மணி நேரத்தில் என் வலையில் நாலே கட்ஜன், வலப்பக்கத்து ஆளிடம் ஐந்து. மஞ்சள் தக்கை நுனி குண்டூசித் தலை அளவுதான் தண்ணீருக்கு மேல் தெரிந்தது, அதையே பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வழிந்தது. பின்னால் நடந்து வந்த தலைவர், விதி அனுமதித்த அளவில் ஒரே வரி சொன்னார்: மேல் பிரிவில் நம் ஆள் 24 முள்ளில் ஒற்றைப் பிங்கியை முன் சரிவில் போட்டு எடுக்கிறார். மாற்றினேன். நுனி மூழ்கவில்லை, ஒரு நூல் உயரம் மேலே எழும்பியது, அவ்வளவுதான். தூக்கினேன், கட்ஜன். கடைசி அரை மணியில் அப்படி மூன்று. எடை போட்டபோது பக்கத்து ஆளைவிட அரை அவுன்ஸ் கூடுதல், அந்த அரை அவுன்ஸ் எங்களுக்கு ஒரு புள்ளி. பிரிவில் ஐந்தாவதாக வந்தேன், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

முடிவு விசில் ஊதும் நேரத்தில் முள்ளில் மீன் இருந்தால் அது கணக்கில் சேருமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், காலையிலேயே கேட்டு வையுங்கள். எடை போடுகிறவர் வரும்வரை வலையைத் தண்ணீரிலேயே விடுங்கள், முன்னதாகத் தூக்கிவைத்தால் மீன் தவிக்கும். தராசு முள்ளை உங்கள் கண்ணால் பாருங்கள், எழுதிய எடையைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மீனை வலையோடு தண்ணீரில் சாய்த்து மெதுவாக விடுங்கள், மேலிருந்து கொட்டாதீர்கள்.

அப்புறம் காரில் ஏறுவதற்கு முன், கை விறைத்திருந்தாலும், நோட்டில் எழுதிவிடுங்கள்: பெக் எண், தடத்தின் ஆழம், எத்தனை மணிக்கு ரொட்டி நின்றது, எத்தனை படகு போனது, எந்த முள்ளில் கடைசி மீன் வந்தது. மற்ற ஐந்து பேரிடமும் இதையே கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் அதே கரையில் உங்கள் குழுவில் யாருக்காவது அந்தப் பெக் விழும்.