செயலி நிறுவும்போது சான்றிதழ் எச்சரிக்கையா?

முதலில் தேதியைப் பாருங்கள். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த ஆண்ட்ராய்டு போன் சிலசமயம் 1970 ஜனவரி 1 என்று காட்டும். தளம் உண்மையானதுதான் என்று போனுக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. போனின் தேதி அதற்கு வெளியே போனால் நல்ல தளத்தையும் நம்பாது. செட்டிங்ஸில் தானியங்கி தேதி, நேரத்தை ஆன் செய்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

பொது வைஃபையா? லாகின் பக்கம் குறுக்கே நிற்கலாம். மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

தேதியும் சரி, நெட்டும் சரி, ஆனாலும் பல தளங்களில் எச்சரிக்கை என்றால் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். 7.1.1-க்கு முந்தைய போன்களில் தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் புதிய மூலச் சான்றிதழ் (தளங்களின் சான்றிதழை நம்பப் போனில் இருக்க வேண்டிய அடிப்படைச் சான்றிதழ்) கிடையாது. பழைய மூலத்தின் தயவில் ஓடிய மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-உடன் காலாவதி. பயர்பாக்ஸ் உலாவி தனக்கென்று சான்றிதழ் பட்டியல் வைத்திருப்பதால் அதில் அந்தத் தளங்கள் திறக்கும். மற்ற செயலிகளுக்கு இது உதவாது.

ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) பதிவிறங்கியபின் 'ஏற்கெனவே உள்ள பேக்கேஜுடன் முரண்படுகிறது' என்று வந்தால் கதை வேறு: செயலியை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் போனில் உள்ள பழைய செயலியுடன் பொருந்தவில்லை. பழையதை நீக்கினால் நிறுவலாம், ஆனால் அதன் தரவும் போய்விடும். கோப்பை யாரோ மாற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. பிளே ஸ்டோரிலிருந்தே எடுங்கள்.

'இந்தச் சான்றிதழை நிறுவினால் சரியாகும்' என்று ஒரு தளம் சொன்னால் உடனே மூடிவிடுங்கள்.