எண்ணெய் வித்துப் பயிர்களுக்கு உரமிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெய் வித்துப் பயிர்களுக்கும் தானியப் பயிர்களைப் போலவே தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) ஆகிய மூன்று சத்துகளை மட்டும் கணக்கிட்டு உரமிடுவதே பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது. இப்பயிர்களில் விதையின் எடையோடு அதிலுள்ள எண்ணெயின் அளவும் சேர்ந்ததே உண்மையான விளைச்சல்.

பயிர் கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்று தழைச்சத்து உரமான யூரியாவை அளவுக்கு மேல் இட்டால், விதையில் புரதம் கூடி எண்ணெய் விழுக்காடு குறைகிறது. ஒளிச்சேர்க்கையில் உருவாகும் மாவுப்பொருளிலிருந்தே புரதமும் எண்ணெயும் உருவாக வேண்டியிருப்பதால், ஒன்று மிகும்போது மற்றொன்று சுருங்குகிறது. சூரியகாந்தியும் கடுகும் சாய்வதும், முதிர்ச்சி தள்ளிப்போவதும், நிலக்கடலையிலும் சோயாவிலும் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்க்கும் வேர்முடிச்சுகள் குறைவதும் இதன் பிற விளைவுகள். இதற்காகத் தழைச்சத்தையே தவிர்ப்பதும் சரியன்று. வளம் குன்றிய நிலத்தில் அளவாக இட்டால், எண்ணெய் விழுக்காடு சற்று இறங்கினாலும் விதை மகசூல் உயர்வதால் மொத்த எண்ணெய் கூடவே செய்யும்.

கந்தகம் பலராலும் மறக்கப்படுகிறது. சூப்பர் பாஸ்பேட்டில் 16 விழுக்காடு மணிச்சத்துடன் ஏறத்தாழ 11 விழுக்காடு கந்தகமும் உண்டு; 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் கொண்ட டிஏபியில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) கந்தகம் இல்லை என்றே கொள்ளலாம். குறைந்த மூட்டைகளே போதும் என்று டிஏபிக்கு மாறுவோர், இழந்த கந்தகத்தை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். தழைச்சத்துக் குறைவில் முதலில் அடியிலைகள் வெளிறும். கந்தகக் குறைவில் இளந்தளிர்கள் வெளிறும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் மேலும் யூரியா இடுவது குறையை இன்னும் ஆழமாக்கும்.

நிலக்கடலையில் சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) பற்றிய தவறான புரிதல்தான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்துடன் இலைகளுக்கு ஏறிவிடுகிறது. அங்கிருந்து கீழிறங்கிக் காய்களுக்கு வருவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் காய், தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை நேராக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே இலைவழித் தெளிப்பால் பயனில்லை. சுண்ணாம்புச்சத்து உள்ள ஜிப்சத்தை, காய்களாக மாறும் விழுதுகள் பூக்களிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் பருவத்தில், பொதுவாக விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், செடியின் அடியில் இட்டு மண் அணைக்க வேண்டும். அந்தக் காய்ப்பகுதி உலர்ந்து கிடந்தால் இட்ட ஜிப்சமும் காய்க்குள் சேராது. பொக்குக் காய்களே மிஞ்சும். அதே இடத்தில் சாம்பல்சத்து உரமான பொட்டாஷை மிகுதியாகக் குவிப்பதும் சுண்ணாம்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், பொட்டாஷை விதைப்புக்கு முன் அடியுரமாக இட்டுக் கிளறிவிடுவதே நல்லது. ஜிப்சம் மண்ணின் அமிலத்தன்மையை மாற்றாது. அமில நிலங்களில் விதைப்புக்கு முன்பே சுண்ணாம்பு இட்டாக வேண்டும்.

நுண்ணூட்டமான போரான் குறைந்தால் சூரியகாந்தியில் விதைப்பிடிப்பு கெடும். நிலக்கடலைப் பருப்பின் உட்புறம் குழிந்து பழுப்பேறும். ஆனால் போதுமான அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே இருப்பதால், மண் ஆய்வு இல்லாமல் பருவந்தோறும் போரான் உரமான போராக்ஸ் இடுவது பயிரின் இலை விளிம்புகளைக் கருகச் செய்துவிடும்.