டர்பன் பக்கத்து அணைகளில் நீரின் தெளிவை அளப்பது எப்படி

ஏரி ஆய்வாளரின் பணி என்றதும் பலருக்கு நுண்ணோக்கியும் சோதனைச்சாலையுமே நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பணியின் பெரும்பகுதி, ஒரே இடத்தில் படகை நிறுத்தி, ஒரே கயிற்றை இறக்கி, கண்டதை ஒரே விதமாக எழுதி வைப்பதில்தான் கழிகிறது. பெரிய செலவில்லாமல் எவரும் தொடங்கக்கூடிய பகுதியும் அதுவே. தென்னாப்பிரிக்காவில் இயற்கையான நன்னீர் ஏரிகள் மிகக் குறைவு. அவற்றுள் பெரியதான சிபாயா, குவாசுலு-நட்டாலின் வடகோடியில் நீர்யானைகளும் முதலைகளும் வாழும் இடமாதலால், புதியவர்கள் கயிற்றோடு போகத் தக்கதன்று. டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் வாழும் நமக்கு உம்ங்கேனி ஆற்றின் மேல் வரிசையாக அமைந்த மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா அணைகளே போதும்.

முதலில், கயிற்றில் கட்டி இறக்கும் தட்டு. அது கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவுக்கு அளவு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி 1865ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டு ஒன்றை இறக்கி நீரின் தெளிவை அளந்தார். அவர் பெயராலேயே இது இன்றும் செக்கி தட்டு எனப்படுகிறது. ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகட்டை நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகள் ஒரே நிறமாக வரும்படி கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி மினுக்கமில்லாத பெயின்ட் அடிக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தட்டையே கட்டிவிடலாமே என்று தோன்றும். அது வெயிலில் பளிச்சிட்டு அளவைக் கெடுக்கும். தட்டு சாயாமல் நேராக இறங்குவதற்கு அடியில் ஓர் எடையைத் தொங்கவிடுங்கள்.

கயிற்றில்தான் நான் ஏமாந்தேன். பருத்திக் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு வீதம் உலர்ந்த நிலையில் அளந்து போட்டேன். நனைந்த கயிறு சுருங்கும் என்பதைப் பல மாதங்கள் கழித்து, அளவுநாடாவை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அதுவரை எழுதியதையெல்லாம் அடித்துவிட நேர்ந்தது. நீட்சியில்லாத பாலியஸ்டர் கயிற்றை ஓர் இரவு ஊற வைத்து, அதன்பின் அடையாளமிடுவதே சரியான வழி.

அளப்பதற்கு உகந்த நேரம் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை. பூங்கா வாயிலில் அனுமதி பெற்று, உயிர்காப்புச் சட்டை அணிந்து, கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படகை நிறுத்துங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படகின் நிழல் விழும் பக்கத்தில் தட்டை மெல்ல இறக்கினால், வெள்ளைப் பகுதி முதலில் பச்சையோ பழுப்போ ஏறி, பின்பு விளிம்பு கரைந்து, ஒரு கணத்தில் இருக்கிறதா இல்லையா என்ற ஐயமாகிவிடும். முற்றிலும் மறைந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இன்னும் சற்று இறக்கி, மீண்டும் தூக்கும்போது தெரியத் தொடங்கும் ஆழத்தையும் குறியுங்கள். 1.3 மீட்டரில் மறைந்து 1.1 மீட்டரில் தெரிந்தால், அன்றைய அளவு 1.2 மீட்டர்.

ஏரி ஆய்வாளர் ராபர்ட் கார்ல்சன் 1977இல் வெளியிட்ட கணக்கின்படி ஒரு மீட்டர் தெளிவுக்கு 60, இரண்டு மீட்டருக்கு 50, அரை மீட்டருக்கு 70 என்று ஏரியின் ஊட்டச்சத்து நிலைக்கு மதிப்பெண் தரலாம். மதிப்பெண் ஏற ஏறப் பாசி மிகுதி என்று பொருள். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கார்ல்சன் பாசியால் கலங்கும் ஏரிகளை மனத்தில் வைத்தே கணக்கிட்டார். நம் அணைகளிலோ கோடை மழை கொண்டுவரும் செம்மண்ணும் தட்டை மறைக்கும். ஆகவே கலங்கலின் காரணத்தை அறிய, கையுறை அணிந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் முக்கால் அளவு நீரெடுத்து, அசைக்காமல் இரவு முழுதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மண்ணென்றால் பெரும்பாலும் அடியில் படியும். மறுநாள் காலையில் நீரின் மேல் விளிம்பில் பச்சைப் பெயின்ட் சிந்தியதுபோல் ஒரு வளையம் நின்றால், மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசி இருக்கக்கூடும். அதன் செல்களுக்குள் இருக்கும் வளிமப் பைகளே அதை மிதக்கச் செய்கின்றன. அது கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்க வல்லது, அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்கின் கழிவைச் சுமந்துவரும் ம்சுண்டுசி ஆறு உம்ங்கேனியில் கலந்தபின் சேரும் இடம் இனாண்டா என்பதால், மிட்மாரின் அளவையும் இனாண்டாவின் அளவையும் அருகருகே எழுதிப் பார்ப்பது பயனுள்ளது.

பருவத்தைக் கவனியுங்கள். வடகோளத்தை வைத்து எழுதிய பாடநூல்கள் ஜூலையில் ஏரி அடுக்குகளாகப் பிரிந்திருக்கும் என்று சொல்லும். இங்கே அது தலைகீழ். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில்தான் சூடான, எடை குறைந்த மேல்நீர், குளிர்ந்த அடிநீரின் மேல் மூடிபோல் நிற்கும். காற்றடித்தாலும் இரண்டும் கலப்பதில்லை; அடியிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்தபின், சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கரைகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதக் குளிரில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்து முழுவதும் கலந்துவிடும். இதை நேரில் காண, எடை கட்டிய பாட்டிலின் தக்கையில் தனிக் கயிறு கட்டி அடிக்கு இறக்கி, தக்கையைச் சுண்டி இழுத்து நிரப்பி, மேலே வந்தவுடன் வெப்பமானியை இடுங்கள். கோடையின் கடைசியில் அந்தப் பாட்டிலிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அடியில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள்.

குறிப்பேட்டில் தேதி, மணி, மேகம், காற்று, முந்தைய மூன்று நாள் மழை, அளந்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நனைந்தால் போய்விடும். கரையோரம் தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நத்தைகள் அத்தகைய இடங்களில்தான் வாழ்கின்றன. ஆகாயத்தாமரையின் சிறு துண்டுகூட அடுத்த அணையில் வேர்விட்டுப் பெருகும் என்பதால், வீடு திரும்பியதும் தட்டையும் கயிற்றையும் படகின் அடிப்புறத்தையும் குழாய் நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காய்ந்த பின்பே வேறோர் அணைக்குக் கொண்டுசெல்லுங்கள்.