பழைய மானிட்டரை மாற்றலாமா?

பின்பக்கம் பருத்த பழைய டப்பா (சிஆர்டி) மானிட்டரை மாற்றும் முன், அது தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். 17 அங்குல டப்பா சுமார் 80 வாட் இழுக்கும். அதே அளவு எல்இடி மானிட்டருக்கு 20 வாட் போதும். காரைக்குடிக் கடையில் பில் போட 10 மணி நேரம் ஓடினால் மாதம் 18 யூனிட் மிச்சம். கரண்ட் போனாலும் யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். கடைக்காரருக்கு இதுதான் பெரிய லாபம்.

வீட்டில் பிள்ளைகள் அரை மணி நேரம் பார்ப்பதற்கு என்றால் அவசரம் வேண்டாம், பழுதாகும்வரை ஓடட்டும். அப்புறம், பழைய கம்ப்யூட்டரில் மானிட்டருக்குப் படம் அனுப்ப பெரும்பாலும் விஜிஏ என்ற இணைப்பு மட்டும்தான் இருக்கும். புது மானிட்டரின் பின்பக்கம் 15 துளையுள்ள அந்த நீலச் சொருகி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.