ரோசிக்ரூசியர்களைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

ரோஜா சிலுவைச் சகோதரர்கள், அதாவது 17-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேசப்பட்ட ரகசியச் சகோதரத்துவத்தினரான ரோசிக்ரூசியர்கள் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் படும் முதல் வீடியோவைப் பிடித்துக்கொண்டு பிரமிடு, அட்லாண்டிஸ் என்று எங்கெங்கோ போய்விடுகிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். 1614-ல் ஜெர்மனியின் காசல் நகரில் அச்சான ‘ஃபாமா ஃபிராட்டெர்னிடாடிஸ்’ என்ற சின்ன அறிக்கையை முதலில் எடுங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம், ஆங்கில மொழிபெயர்ப்பு 1652-லேயே வந்துவிட்டது.

கதை இதுதான். சி.ஆர். என்ற ஜெர்மானியத் துறவி இளம் வயதில் கிழக்கே பயணம் போய், அரபு அறிஞர்களிடம் மருத்துவமும் கணிதமும் கற்று, மொராக்கோவின் ஃபெஸ் நகரம் வழியாகத் திரும்பி வந்து ஒரு சகோதரத்துவத்தை ஏற்படுத்துகிறார். அவர்கள் ஆறு விதிகளுக்குக் கட்டுப்படுகிறார்கள். அவற்றை அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் முழுப் போதனையும் அதில்தான் இருக்கிறது. முதல் விதி, நோயாளிகளைக் குணப்படுத்துவதுதான் தொழில், அதுவும் காசு வாங்காமல். இரண்டாவது, தனி உடை கிடையாது, எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊர் வழக்கப்படி உடுத்த வேண்டும். நூறு வருஷம் ரகசியம் காக்க வேண்டும் என்பது கடைசி விதி. ரசவாதிகள் என்று இவர்களைச் சொல்கிறோமே, பொன் செய்யும் பைத்தியத்தை இதே அறிக்கை கடுமையாகச் சாடுகிறது!

அப்புறம் சி.ஆர். இறந்து பல வருஷம் கழித்து அவருடைய கல்லறையைக் கண்டுபிடிக்கும் காட்சி. ஒரு சகோதரர் சுவரிலிருந்த பித்தளைத் தகட்டின் ஆணியைப் பிடுங்க, கூடவே கல்லும் பெயர்ந்து வந்து, பின்னால் ஒரு கதவு தெரிகிறது: ‘120 ஆண்டுகளுக்குப் பின் திறப்பேன்’. உள்ளே ஏழு பக்கச் சுவர்கள், ஒவ்வொன்றும் 5 அடி அகலம், 8 அடி உயரம். சூரிய ஒளியே படாத அந்த அறை வெளிச்சமாக இருக்கிறது. நடுவில் பலிபீடம், அதன் கீழே அழுகாத உடல், கையில் ஒரு தோல்சுவடி. பைபிளுக்கு அடுத்த பொக்கிஷம் அது என்கிறார்கள். இந்த வரியை அடிக்கோடிடுங்கள், இதை எழுதியவர்கள் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழியில் வந்த கிறிஸ்தவர்கள் என்பதை மறந்தால் எல்லாமே தப்பாகப் புரியும்.

சரி, அடுத்து 1615-ல் வந்த இரண்டாவது அறிக்கை ‘கன்ஃபெஸியோ’. அதில் சி.ஆர். பிறந்தது 1378, வாழ்ந்தது 106 வருஷம் என்று இருக்கிறது. 1484-ல் மரணம், கூட 120 சேர்த்தால் 1604. கல்லறை திறந்த ஆண்டை இப்படி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, 1616-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் வெளியான ‘ரசவாதத் திருமணம்’. கிறிஸ்தியான் ரோசன்க்ராய்ட்ஸ் (சி.ஆர். என்பதன் முழுப் பெயர் இதுதான்) ஏழு நாள் நடக்கும் ஒரு அரச திருமணத்துக்குப் போகும் கதை. எழுதியவர் லூத்தரன் போதகரான யோஹான் வாலண்டைன் ஆந்த்ரேயே. பிற்காலத்தில் அவரே இதை விளையாட்டாக எழுதியது என்று சொன்னார். முதல் இரண்டு அறிக்கைகளும் ட்யூபிங்கன் நகரில் இருந்த அவருடைய நண்பர் வட்டத்தில் பிறந்தவை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அப்படி ஒரு சங்கம் அன்று இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் அந்தக் கனவை நம்பி ஐரோப்பா முழுக்கப் பலர் அந்த அறிக்கைகளுக்குப் பதில் கடிதங்களை அச்சிட்டார்கள், இதுதான் என்னை உலுக்குகிற விஷயம்.

ரோசிக்ரூசியர் பெயரில் இயங்கும் இன்றைய அமைப்புகளைக் கடைசியில் பாருங்கள். மாக்ஸ் ஹைண்டலின் அமைப்பு 1909-ல் தொடங்கியது, ஸ்பென்சர் லூயிஸின் அமோர்க் 1915-ல். அவர்களுடைய பாடங்களைப் படிக்கும்போது அந்த ஆறு விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.