மாகுலர் டெலான்ஜியெக்டேசியா இரண்டாம் வகை: எந்தப் படத்தில் எதைத் தேடுவது?

விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவின் நுண்ணிய இரத்தக்குழாய்களைப் பாதிக்கும் இந்த அரிய நோய் பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இரு கண்களிலும் வருகிறது. மாகுலாவின் நடுக்குழியான ஃபோவியாவுக்கு நெற்றிப்பொட்டுப் பக்கமாக (காதை நோக்கிய பக்கத்தில்) உள்ள பகுதியில் தொடங்குகிறது. நோயாளிக்கு நீரிழிவும் இருந்துவிட்டால், இதனை நீரிழிவு மாகுலா வீக்கம் என்று எண்ணிவிடுவது எளிது. ஒரே ஒரு படத்தை நம்பி முடிவெடுப்பதே இந்தத் தவறுக்கு வழிவிடுகிறது என்பது என் கருத்து.

முதலில் ஓசிடி (ஒளியைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் படம்) எடுங்கள். தடிமன் வரைபடத்தோடு நின்றுவிடாமல், ஃபோவியா வழியாகச் செல்லும் நெருக்கமான குறுக்குவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விழித்திரைக்குள் கருமையான வெற்றிடங்கள் தெரியும். ஆனால் விழித்திரை தடித்திருக்காது, பல வேளைகளில் மெலிந்தே இருக்கும். விழித்திரையின் உட்பரப்பை மூடும் உட்புற எல்லைச் சவ்வு மட்டும் வெற்றிடத்தின்மேல் திரைபோல் படிந்திருப்பதும், ஒளியுணர் செல்களைச் சேர்ந்த எலிப்சாய்டு அடுக்கு அறுபட்டிருப்பதும் வலுவான அடையாளங்கள்.

அடுத்து, நீல ஒளியில் தன்னொளிர்வுப் படம் (சாயமின்றி விழித்திரை தானாக ஒளிர்வதைப் பதிவது) எடுக்க வேண்டும். இயல்பான கண்ணில் மாகுலாவின் மஞ்சள் நிறமி நீல ஒளியை உறிஞ்சுவதால் மையம் இருண்டிருக்கும். இந்நோயில் நிறமி குறைவதால் அவ்விருள் தொடக்கத்திலேயே குறைந்துவிடுகிறது. கண்புரை இருந்தால் இந்தப் படத்தை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், ஏனெனில் புரையும் நீல ஒளியைத் தடுக்கும்.

இவற்றுக்குப் பின்னும் ஐயம் இருந்தால் ஃபுளூரசின் ஆஞ்சியோகிராம் (ஒளிரும் சாயத்தைச் செலுத்தி விழித்திரையின் இரத்தக்குழாய்களைப் படமெடுப்பது) உதவும். தொடக்கப் படங்களில் விரிந்த நுண்குழாய்களும், பிந்தைய படங்களில் பரவலான கசிவும் தெரியும். ஆஞ்சியோகிராமில் கசிவு இருந்தும் ஓசிடியில் வீக்கம் இல்லாத இந்த முரண்பாடே நோயறிதலின் திறவுகோல். மாறாக, ஒரு கண்ணில் மட்டும் குழாய்ப் புடைப்புகளோடு வீக்கமும் இருந்தால் இந்நோயின் முதல் வகையை நினைக்க வேண்டும். சிரையில் செலுத்தும் சாயம் குமட்டலையும், அரிதாகக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கலாம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் இதனைச் செய்வது பொருந்தாது.

ஓசிடி முறையிலேயே இரத்தக்குழாய்களைக் காட்டும் ஓசிடி ஆஞ்சியோகிராபிக்குச் சாயம் தேவையில்லை. ஆழ்ந்த நுண்குழாய் வலையில் ஏற்படும் மாற்றங்களையும், வெளி அடுக்குகளில் முளைக்கும் புதுக் குழாய்களையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டும். ஆனால் கசிவை அது காட்டாது. விழித்திரை குலைந்த இடங்களில் கருவி அடுக்குகளைத் தவறாகப் பிரிப்பது வழக்கம். எல்லைக்கோடுகளைக் கையால் திருத்திய பிறகே முடிவு சொல்லுங்கள்.

பின்னாளில் பார்வை திடீரெனக் குறைந்தால், ஓசிடியையும் அதன் ஆஞ்சியோகிராபியையும் உடனே மீண்டும் எடுக்க வேண்டும்: புதுக் குழாய்கள் தோன்றியிருந்தால் விஇஜிஎஃப் (புதுக் குழாய்களை வளரத் தூண்டும் புரதம்) எதிர்ப்பு ஊசி பயன்படும், அவை இல்லாத நிலையில் அதே ஊசியால் பார்வை மேம்படுவதில்லை.